கலோரியைக் குறைத்தால் முதுமை தள்ளிப்போகுமா?

கேள்வி:
எனக்கு வயது 58. உயரத்திற்கேற்ற எடைதான், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லை. உணவைக் குறைத்துக் கொடுத்த எலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே 1935-இலேயே கண்டறிந்தார் என்று படித்ததிலிருந்து, நானும் அன்றாட உணவில் கால் பங்கைக் குறைக்கலாமா என்று யோசித்து வருகிறேன். மனிதர்களிடம் இது சோதிக்கப்பட்டிருக்கிறதா?

பதில் 1:
சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ‘கேலரி’ என்ற பெயரில் நடந்த ஆய்வில், உடல் பருமன் இல்லாத இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டாண்டுகள் பங்கேற்றார்கள். 25 சதவீதம் குறைப்பதே இலக்கு. வல்லுநர்களின் துணை இருந்தும் சராசரியாகக் குறைக்க முடிந்தது ஏறத்தாழ 12 சதவீதம்தான். அதற்கே கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் இறங்கின. முதுமையின் வேகத்தைக் கணிக்கும் ஒரு டிஎன்ஏ அளவுகோலில் அந்த வேகம் இரண்டு மூன்று சதவீதம் குறைந்ததும் தெரிந்தது. வேறு சில அளவுகோல்களிலோ மாற்றமே இல்லை. ஆயுள் நீண்டதா என்பதை இரண்டாண்டுகளில் எப்படிச் சொல்ல முடியும்? தவிர, பங்கேற்றவர்கள் ஐம்பதைத் தாண்டாதவர்கள்; அவர்களுக்கே இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தது.

பதில் 2:
குரங்குகளின் கதையையும் பார்க்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2009-இல், உணவு குறைக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளிடையே முதுமை நோய்களால் நேரும் மரணம் குறைந்தது என்றார்கள். அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனமோ 2012-இல், ஆயுள் நீளவில்லை என்றது. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள், சர்க்கரை மிகுந்த தீனியை விரும்பிய அளவு தின்றவை. இரண்டாவதில் அவற்றுக்கும் அளந்தே கொடுத்தார்கள். ஆகவே முதல் ஆய்வு காட்டியது பட்டினியின் பயனையா, மிதமிஞ்சித் தின்னாததன் பயனையா என்ற ஐயம் எனக்கு உண்டு. நீங்கள் ஏற்கெனவே அளவோடு உண்பவர் என்றால், இரண்டாவது ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகளுக்கே நெருக்கமானவர்.

பதில் 3:
ஐயா, நான் உங்களைவிட நான்கு வயது மூத்தவள். இதே ஆசையில் எட்டு மாதம் உணவைக் குறைத்தேன். வளையல்கள் முழங்கை வரை ஏறின, பார்ப்பவர்கள் பாராட்டினார்கள். ஆனால் கைப்பிடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கொழுப்போடு தசையும் கரைந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். இப்போது புரதத்தைக் கூட்டி, வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். கை ஊன்றாமல் எழுகிறேன்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சகோதரி சொன்னதைப் படித்தவுடன் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தேன், ஊன்றத்தான் வேண்டியிருந்தது. குறைப்பதை ஒத்திவைத்துவிட்டு, முதலில் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்கிறேன்.