பூசணிப் பிஞ்சு உதிருது, தேனீயே வரல. அவசரம்

மாடித்தோட்டக்காரி: வணக்கம். மாடியில பூசணி, பீர்க்கை போட்ருக்கேன். பூ நல்லா வருது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துருது. தேனீ வந்தாத்தான் காய் பிடிக்கும்ங்கிறாங்க. என்ன செடி வச்சா வரும்? சீக்கிரம் சொல்லுங்க.

கீரைப்பாத்தி: எந்த ஊரு, எத்தனாவது மாடி? வெயில் எவ்வளவு நேரம் விழுகுது? வேற என்ன செடி வச்சிருக்கீங்க?

உசிலம்பட்டியான்: போரான் சத்துக் குறைவு. எதுல வேணா எழுதிக் குடுக்குறேன்.

பழையகை: மாசம் ஒருத்தர் வந்து இதையே கேக்குறீங்க. மேல தேடிப் பாத்தா கை தேஞ்சா போயிரும்? பூசணியில ஆண் பூ முதல்ல வரும், பெண் பூ பின்னாடி. அடியில குட்டிக் காய் ஒட்டியிருந்தா அது பெண் பூ. இதுகூடத் தெரியாம விதை ஊன்றது.

கீரைப்பாத்தி: அண்ணே, பெண் பூ வரப்போய்த்தானே பிஞ்சு உதிருதுங்கிறாங்க.

மாடித்தோட்டக்காரி: மதுரை வில்லாபுரம், மூணாவது மாடி. நாள் பூரா வெயில். மல்லிதான் நிறைய. அடுக்குச் செம்பருத்தி, ரோஸ் இருக்கு. இவ்வளவு பூ இருந்தும் ஒண்ணு வரல.

வண்டுப்பிரியை: அக்கா, மல்லி ராத்திரி விரியுற பூ. நீங்க அதையும் மொட்டாவே பறிச்சுருவீங்க, தேனீக்கு என்ன மிச்சம்? அடுக்குச் செம்பருத்தியில மகரந்தத் தாளெல்லாம் இதழா மாறிப்போயிருக்கும். பாக்கத்தான் அழகு, தீனி கிடையாது. துளசி, திருநீத்துப்பச்சிலைக் கதிரைக் கிள்ளாம விடுங்க. கொத்தமல்லியில பாதியைப் பூக்க விடுங்க. சூரியகாந்தி போடுங்க. தும்பை தானா முளைச்சா பிடுங்காதீங்க. ஒரே செடியா நாலஞ்சு தொட்டியைச் சேத்து வைங்க, அங்கொண்ணு இங்கொண்ணுன்னா மூணு மாடி ஏறி வராது. தட்டுல கூழாங்கல் போட்டு, கல்லு முங்காம தண்ணி வைங்க. மருந்து ஏதும் அடிக்கிறீங்களா?

திருநகர்_தம்பி: செடியை மாத்தி என்ன பிரயோஜனம்? செல்போன் டவர் வந்தப்பவே தேனீ போச்சு.

கீரைப்பாத்தி: எங்க தெரு டவர்லயே மலைத்தேனீ அடை கட்டித் தொங்குது தம்பி.

திருநகர்_தம்பி: அது மலைத்தேனீ. நான் சொல்றது பெட்டியில வளப்பாங்களே, அந்த அடுக்குத்தேனீ.

கீரைப்பாத்தி: ஓ, டவர் ஆள் பாத்துத்தான் அடிக்குமோ?

உசிலம்பட்டியான்: ரெண்டு பேரும் விடுங்கப்பா. போரான் போட்டுப் பாத்தாங்களா இல்லையா?

மாடித்தோட்டக்காரி: மருந்து மல்லிக்கு மட்டும்தான், மாவுப்பூச்சிக்கு. இமிடாகுளோபிரிட். காலையில அடிப்பேன். பூசணிக்கு அடிக்கிறதில்ல.

வண்டுப்பிரியை: அங்கதான் இருக்கு விஷயம். காத்துல பக்கத்துத் தொட்டிக்கும் போகும். செடிக்குள்ள ஊடுருவுற மருந்து, பூவோட தேன், மகரந்தம் வரைக்கும் போய்ச் சேரும். தேனீயைக் காப்பாத்தத்தான் ஐரோப்பிய ஒன்றியத்துல 2018ல இதைத் திறந்தவெளியில பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டாங்க. நிறுத்திட்டு வேப்பெண்ணெய்க்கு மாறுங்க: லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க. தேனீ வர்ற வரைக்கும் கைதான். விடிஞ்சதும் புதுசா விரிஞ்ச ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சு, பெண் பூ நடுவுல தடவுங்க. வெயில் ஏறிட்டா பூ சுருங்கிரும். பீர்க்கைக்குக் காலையில போய் நிக்காதீங்க, அது அந்தியில விரியும்.

பழையகை: பீர்க்கை அந்தியில விரியும்னு நான் சொல்ல வந்தேன்.

மாடித்தோட்டக்காரி: தடவினதுல பூசணி ரெண்டு நிக்குது, நன்றி. தேனீ இன்னும் வரல. துளசியில கருப்பா கொசு மாதிரி என்னமோ மொய்க்குது. கொசு மருந்து அடிக்கவா?

வண்டுப்பிரியை: ஐயோ அக்கா, வேணாம்! கொசுத்தேனீயா இருக்கும், அது கொட்டாது. போட்டோ போடுங்க.

திருநகர்_தம்பி: அப்ப அவங்க வீட்டுப் பக்கம் டவர் இல்ல. நான் சொன்னது சரிதான்.