எடைக்குறைப்பு ஆபரேஷன்: டாக்டரின் அனுபவத்தை எப்படி விசாரித்தீர்கள்?

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, எடை 128 கிலோ, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 43 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலினுக்குப் போய்விட்டது. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வருகிறது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நடவு நேரத்தில் வரப்பில் கால் வைத்து நடக்க முடியவில்லை, ஆளை விட்டுத்தான் வேலை பார்க்கிறேன்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். திருச்சியில் ஒருவரையும் சென்னையில் ஒருவரையும் பார்த்தாயிற்று. இருவருமே நிறைய அனுபவம் உள்ளவர்கள் என்றுதான் சொல்கிறார்கள். 2024இல் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரிப் பையன் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து அம்மா சம்மதிக்கவே மாட்டேன் என்கிறார். செய்துகொண்டவர்கள், வீட்டில் யாருக்காவது செய்து பார்த்தவர்கள், டாக்டரை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

மன்னை அக்கா (மன்னார்குடி)

தம்பி, எனக்கு ஸ்லீவ் செய்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. நல்லபடியாக இருக்கிறேன். நான் எப்படி முடிவு செய்தேன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் பார்த்த டாக்டர் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். என் மாமியாருக்குப் பித்தப்பைக் கல் எடுத்தவர், கைராசிக்காரர் என்று பெயர். “லேப்ராஸ்கோப்பியில் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேம்மா” என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த ஆயிரத்தில் பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் எல்லாம் அடக்கம். “ஸ்லீவ் மட்டும் எத்தனை சார்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வரும், சில மாசம் வராது” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார். நாளைக்கு எனக்குப் பித்தப்பையில் கல் வந்தால் அவரிடம்தான் போவேன். இதற்கு வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

இரண்டாவது டாக்டரிடமும் அதே கேள்விதான். அவர் இந்த வருஷம் எத்தனை, அதில் ஸ்லீவ் எத்தனை, இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிற பைபாஸ் எத்தனை என்று பிரித்துச் சொன்னார். “தையல் விட்டு லீக் ஆனது உண்டா சார்?” என்று கேட்டதும் முகம் மாறவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இரைப்பையை வரைந்தார். நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவோம், மிச்சம் ஒரு குழாய் மாதிரி நிற்கும் என்றார். பிறகு உணவுக்குழாய் வந்து சேர்கிற மேல் முனையில் பேனாவை வைத்து, “ஸ்டேப்ளர் போட்ட தையல் விட்டால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடும். எனக்கும் ஆகியிருக்கிறது” என்று சொல்லி, அந்த நோயாளிகளுக்கு என்ன செய்தார், எத்தனை வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நூறில் ஒருவர் இருவருக்கு இது வரலாம், யார் செய்தாலும் வரும் என்றும் சொன்னார். அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு சிக்கல்கூட வந்ததில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால், ஒன்று அவர் குறைவாகச் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன நோயாளியை அப்புறம் பார்க்காதவராக இருக்க வேண்டும். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

குடந்தை (கும்பகோணம்)

நான் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். டாக்டரின் கை முக்கியம், அவரைச் சுற்றி நிற்கிறவர்களும் அதே அளவு முக்கியம்.

130 கிலோ உடம்புக்கு மயக்கம் கொடுப்பது தனி வேலை. கழுத்து பருமனாக இருக்கும், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதே கஷ்டம். உங்களுக்கு மூச்சு நின்று வருகிறது என்கிறீர்கள், அதற்குத் தூக்கப் பரிசோதனை எடுத்து, தேவைப்பட்டால் தூங்கும்போது முகமூடி வழியே காற்றை அழுத்தி அனுப்புகிற சிபாப் மெஷினை ஆபரேஷனுக்கு முன்னாலேயே மாட்டிப் பழக்குவார்கள். மயக்க டாக்டர் இந்த மாதிரி ஆட்களுக்கு அடிக்கடி மயக்கம் கொடுப்பவரா என்று கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஐசியூ இருக்கிறதா, ராத்திரி அங்கே டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து நாலு கேஸ் முடித்துவிட்டுச் சாயங்காலம் ரயில் ஏறிப் போகிற ஏற்பாடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் அனுபவம் அவரோடு ரயிலில் போய்விடும்.

கைத்திறமை பற்றி ஒரு ஆய்வு 2013இல் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த பைபாஸ் ஆபரேஷனின் வீடியோவைக் கொடுத்தார்கள். செய்தது யார் என்று சொல்லாமல் மற்ற சர்ஜன்களிடம் காட்டி மார்க் போட வைத்தார்கள். மார்க்கில் கடைசிக் கால்வாசியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது, முதல் கால்வாசியில் வந்தவர்களிடம் 5.2 சதவீதம்தான். நல்ல மார்க் வாங்கியவர்கள் வருஷத்தில் செய்கிற எண்ணிக்கையும் அதிகம். தியேட்டரில் நின்ற எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கை பழகினவர் வேலை பார்க்கும்போது தியேட்டரே அமைதியாக இருக்கும். அவர் கேட்பதற்கு முன்னால் நர்ஸ் அடுத்த ஸ்டேப்ளரை எடுத்து நீட்டிவிடுவாள். ஒரே டீம் சேர்ந்து பல தடவை செய்தால்தான் அது வரும்.

மயூரம் (மயிலாடுதுறை)

என் மனைவிக்கு நடந்ததை எழுதுகிறேன். படித்துப் பயப்பட வேண்டாம், இப்போது நன்றாக இருக்கிறாள்.

வெளியூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்லீவ் செய்தோம், பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்து ஓரிரு நாள் மோரும் இளநீருமாக நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் ஒரு ராத்திரி இடது தோள்பட்டையில் வலி என்றாள். காய்ச்சல் பெரிதாக இல்லை. நாடி மட்டும் 120க்கு மேல் ஓடியது, உட்கார்ந்திருக்கும்போதே. இங்கே பக்கத்தில் காட்டினோம், வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், விடியும்வரை யாரும் எடுக்கவில்லை. காலையில் எடுத்தவர், “ஓபிக்கு வாங்க” என்றார்.

காத்திருக்காமல் கார் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். அங்கே இருந்த சர்ஜன் நாடியைப் பார்த்ததுமே சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். லீக்தான். வயிற்றில் சேர்ந்திருந்ததை வடிக்கக் குழாய் வைத்து, விட்ட இடத்தை மறைக்க உள்ளே ஸ்டென்ட் என்ற குழாய் போட்டு, வாய் வழியே ஒன்றும் கொடுக்காமல் டியூபில் உணவு செலுத்தி, பல வாரம் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது, நாடி வேகமாக ஓடுவதுதான் முதல் அறிகுறி என்று அவர் சொன்னதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அதனால் தம்பி, ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தால் யார் போனை எடுப்பார்கள் என்று கேளுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து திருச்சிக்கே மூன்று மணி நேரம், சென்னை இன்னும் தூரம். சென்னையில் செய்தால் ஒரு வாரம் பத்து நாள் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டு வாருங்கள். செலவைப் பார்க்காதீர்கள்.

பட்டுக்கோட்டையான்

எண்ணிக்கையை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்பேன். நான் போனது ஏகப்பட்ட பேருக்குச் செய்த இடம். ஓபியில் டாக்டர் என்னிடம் பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு முன்பே நெஞ்செரிச்சல் உண்டு, அதை யாரும் கேட்கவில்லை, வாய் வழியே கேமரா விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோப்பியும் எடுக்கவில்லை. ஸ்லீவ் செய்த பிறகு படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது, தலையணையை உயர்த்தி வைத்துத்தான் தூங்குகிறேன். எடை 40 கிலோ குறைந்தது, சர்க்கரை மாத்திரை நின்றது, அதெல்லாம் உண்மை. ஆனால் நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்குப் பைபாஸ்தான் பொருத்தம் என்று இப்போது வேறொரு டாக்டர் சொல்கிறார், அதற்கு மாற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

முதல் இடத்தில் என் ஆபரேஷனைப் பெரிய டாக்டர் செய்தாரா, அவருக்குக் கீழே பயிற்சியில் இருந்தவர் செய்தாரா என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. “வெட்டித் தைப்பது நீங்கள்தானே சார்?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுங்கள்.

முள்ளியாறு

எல்லோருக்கும் நன்றி. அண்ணி நலமாக இருக்கட்டும், மயூரம் அண்ணா. எனக்கும் மாதத்தில் பாதி நாள் நெஞ்சு எரியும், காரம் சாப்பிடுவதால் என்று விட்டுவைத்திருந்தேன். எண்டோஸ்கோப்பி பற்றி இரண்டு இடத்திலும் சொல்லவில்லை.

இன்று திருச்சிக்குப் போன் செய்தேன். ராத்திரி நம்பர் கேட்டதற்கு வார்டு நம்பரும் உதவி சர்ஜன் நம்பரும் கொடுத்தார்கள். எத்தனை ஸ்லீவ், எத்தனை லீக் என்று கேட்டதற்கு, நேரில் வந்தால் டாக்டரே சொல்வார் என்றார்கள். சென்னையில் எடுத்த பெண், “அதெல்லாம் போனில் சொல்ல மாட்டோம், பேக்கேஜ் வேண்டுமானால் சொல்கிறேன்” என்றார். புதன்கிழமை திருச்சிக்குப் போகிறேன்.

மன்னை அக்கா (மன்னார்குடி)

அம்மாவையும் டாக்டர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி, வெளியே பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம். அவர் பயத்தை அவரே கேட்கட்டும், டாக்டர் அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று நீங்கள் பாருங்கள். சாப்பாட்டுக்கு டயட்டீஷியன் யார், பி12, இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணுவார்கள் என்றும் கேளுங்கள், அந்த மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. எண்டோஸ்கோப்பி ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஆபரேஷன் தேதிக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டாம். ஸ்லீவா பைபாஸா என்பதே அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.