மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ற கைவேலையும் சமையலும் எவை?

கேள்வி – கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்கு அருகிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நான்கரை வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கணவருக்கு வேலை மாற்றம் வந்ததால் சென்னையிலிருந்து மாமியார் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். வீட்டைச் சுற்றித் தென்னை, கமுகு, வாழை, ஒரு சக்கை (பலா) மரம், சற்றுத் தள்ளி ரப்பர்த் தோட்டம் என்று எல்லாமே இருக்கின்றன. ஆனால் இவற்றைக் கொண்டு பிள்ளைகளுக்கு எந்த மாதத்தில் என்ன செய்யக் கொடுப்பது என்பது எனக்குப் பிடிபடவில்லை. மழலையர் பள்ளியில் தரும் தாள்களில் பனி பெய்யும் காலமும் இலையுதிர் காலமும்தான் வருகின்றன. இங்கே ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை.

கைவேலை, சமையல், வெளியே கூட்டிச் செல்வது ஆகிய மூன்றிலும் உங்கள் யோசனைகள் வேண்டும். நான் செய்து அவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இல்லாமல், அவர்கள் கைகளாலேயே செய்யக்கூடியவையாக இருந்தால் நல்லது. இளையவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறான் என்பதையும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் – தோவாளை வட்டாரம், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

சகோதரி, அந்தத் தாள்களை ஓரமாக வைத்துவிடுங்கள். உங்கள் முற்றத்தில் எது விழுகிறதோ, எது விளைகிறதோ அதுவே அந்த மாதத்துக்கான பாடம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் பொருளுக்குக் குறைவே இருக்காது.

வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று அடித்து வீசும். முப்பந்தலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பேருந்திலிருந்து ஒரு முறை காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஓலைக் காற்றாடி செய்யுங்கள். ஓலையை மடித்து முடிவது உங்கள் வேலை. நடுவில் ஈர்க்கிலைச் செருகுவதும், எந்தப் பக்கம் திரும்பி நின்றால் அது வேகமாகச் சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பதும் பிள்ளைகளின் வேலை. ஈர்க்கிலின் நுனி கண்ணில் பட்டுவிடாமல் இருக்க, அதில் ஒரு களிமண் உருண்டையை அழுத்தி வைப்பது அவசியம்.

மழை விடாமல் பெய்யும் நாள்களில் வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிக் கொடுங்கள். வெட்டிய முகத்தில் சிறு சிறு அறைகள் வரிசையாகத் தெரியும். அதை மஞ்சள் கரைசலிலோ செம்மண் குழம்பிலோ தோய்த்துத் தாளில் ஒற்றினால் பிறை வடிவில் வலைப்பின்னல் போன்ற அச்சு விழும். மட்டையின் அடிப்பகுதிக்கு ஓர் அச்சு, நுனிப்பகுதிக்கு வேறோர் அச்சு என்பதைப் பிள்ளைகள் தாமே கவனித்துச் சொல்வார்கள். வாழைக்கறை துணியை விட்டுப் போகாது என்பதால் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு வேலையும் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கண்ணாடிக் குப்பியை முற்றத்தில் வைத்து, நாள்தோறும் காலையில் அதில் சேர்ந்திருக்கும் மழைநீரின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். பிறகு குப்பியைக் கவிழ்த்துக் காலி செய்துவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு எண்களாகச் சொன்னால் புரியாது. நேற்றையதைவிட இன்றைய பட்டை நீளம் என்பது நன்றாகவே புரியும்.

மழை விட்ட பின் மரச்சீனி (மரவள்ளி) இலைத்தண்டில் மாலை செய்யலாம். சிவந்த நீளத் தண்டை விரல் அகலத்துக்கு ஒடித்து, ஒரு பக்கத் தோல் அறுந்துவிடாமல் மெல்லக் கீழே இழுக்க வேண்டும். அடுத்த துண்டை எதிர்ப்பக்கமாக ஒடித்து இழுக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் இரண்டு சரமாகப் பிரிந்து, இலை பதக்கமாகத் தொங்கும் மாலை கிடைக்கும். மகளால் இதைத் தனியாகவே செய்ய முடியும். மகனுக்குத் தொடக்கத்தில் நீங்கள் ஒடித்துக் கொடுத்தால் இழுப்பதை அவன் செய்வான். முடித்ததும் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மரச்சீனியின் பச்சை இலையும் தண்டும் வாய்க்குப் போகக் கூடாதவை.

முற்றம் காய்ந்திருக்கும் மாதங்களில் கமுகம்பாளை விழுந்தால் அதை எரிக்க விடாதீர்கள். கற்களைப் பெருக்கிவிட்டு, அகன்ற பாளையில் பிள்ளையை உட்கார வைத்து, ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அதைவிடச் சிறந்த வண்டி வேறு இல்லை. பங்குனி, சித்திரையில் நுங்குக் கூந்தலில், அதாவது நுங்கு எடுத்த பனங்காய்க் கூட்டில், வண்டி செய்து உருட்டலாம்.

பதில் – குளச்சலிலிருந்து ஒரு தந்தை

வெளியே கூட்டிச் செல்வது பற்றி மட்டும் எழுதுகிறேன். கடற்கரை மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாமல் இருக்க முடியாது. ஆனால் எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் என்பதில் நாம் கறாராக இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் ஆகும். அந்த மாதங்களில் அலையின் அருகே போகாமல், துறைமுகத்தில் நிறுத்தியிருக்கும் படகுகளையும், வலை பின்னிச் சரி செய்பவர்களையும் காட்டுங்கள். சிறு பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கள்ளக்கடல் என்பது வேறு. தெற்கே வெகு தொலைவில் எழும் பேரலைகள் பல நாள் பயணம் செய்து வந்து சேர்வதால், இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் கடல் திடீரென்று ஏறிவரும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும் காலத்திலேயே, இது வருவதுண்டு. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலில்கூட இறங்க வேண்டாம். மற்ற நாள்களிலும் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கில் கையைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

உங்களுக்கு மிக அருகில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. உள்ளே மரநிழலும் ஓடுவதற்கு இடமும் இருப்பதால் மூன்று வயதுப் பையனுக்கு அதுவே போதும். ஐப்பசிக்குப் பிறகு சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்கு விடியற்காலையில் கூட்டிச் செல்லுங்கள். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட நீர்நிலை அது. கூழைக்கடா, நீர்க்காகம், நாரை எல்லாவற்றையும் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். வீட்டுக்கு வந்ததும் களிமண்ணில் பறவை செய்யச் சொன்னால், அலகு எவ்வளவு நீளம் என்பதில் அக்காளும் தம்பியும் வாதம் செய்வார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே இந்த வயதில் நடத்த வேண்டாம். கீழே இறங்கித் தூண்களின் நிழலில் நின்று அண்ணாந்து பார்ப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மரச்சீனி மாலையை நேற்றே செய்து பார்த்தோம். மகள் அதைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஓணத்துக்கு இங்கே வீட்டு வாசலில் அத்தப்பூக் கோலம் போடுவார்கள் என்று மாமியார் சொல்கிறார். அதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா? சமையலில் அடுப்புப் பக்கம் விடாமல் எதை அவர்களிடம் ஒப்படைக்கலாம்?

பதில் – நாகர்கோவில், குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர்

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள்களும் பூவை நிறம் பிரித்து, இதழ் ஆய்ந்து, கோட்டுக்குள் நிரப்புவது பிள்ளைகளின் விரல்களுக்கு மிக நல்ல பயிற்சி. தோவாளைச் சந்தையில் வாங்கும்போது கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் கேளுங்கள். அரளியை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பூ, இலை, பால் என அந்தச் செடியின் எல்லாப் பகுதியும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு உடையது. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோவில்களில் நைவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அதை விலக்கியதும் இதனால்தான். வாயில் வைக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பூ வேண்டாம்.

அதே காரணத்தால் குன்றிமணியையும் வீட்டில் வைக்காதீர்கள். அழகுக்காகப் பல்லாங்குழியில் போடுவார்கள். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரப்பர் விதையையும் பச்சைக் கொல்லாங்கொட்டையையும் (முந்திரிக்கொட்டை) பொறுக்க விட வேண்டாம். கொல்லாங்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். புளியங்கொட்டை, மஞ்சாடி ஆகியவற்றை மகளுக்குக் கொடுக்கலாம், மகன் உறங்கும் நேரத்தில் மட்டும். மழைக்காலத்தில் தேங்கிய சேற்றுநீரில் வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது.

அதற்காக வெளியே விடாமலும் இருக்கக் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முற்றம் பெருக்குவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

பதில் – தோவாளை வட்டாரம், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

சமையலைப் பற்றி நான் சொல்கிறேன். அடுப்பே வேண்டாத வேலை மட்டிப்பழத்தில் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம் அது. சிறியது, தோலும் மெல்லியது என்பதால் மூன்று வயதுப் பையனே உரித்துவிடுவான். ஊறிய அவலோடு பழத்தைப் பிசைந்து, தேங்காய்த் துருவலும் பொடித்த கருப்பட்டியும் தூவினால் மாலைப் பலகாரம் ஆயிற்று. சக்கைக் காலத்தில் சுளையிலிருந்து கொட்டையை எடுக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் பால் ஒட்டாது. நுங்கை இளையவனுக்கு முழுதாகத் தராமல் மசித்துக் கொடுங்கள், அது வழுக்கித் தொண்டைக்குள் போய்விடும்.

திருக்கார்த்திகைக்குப் பனை ஓலைக் கொழுக்கட்டை செய்யும்போது இருவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வறுத்த பச்சரிசி மாவு இரண்டு கப், கருப்பட்டி ஒன்றரைக் கப், தேங்காய்த் துருவல் ஒரு கப், வறுத்து அரை வேக்காடாக வேகவைத்த சிறுபயறு அரைக் கப், கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் போதும். பாகைக் காய்ச்சி வடிகட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே பிள்ளைகள் பக்கம் கொண்டுவர வேண்டும். மாவைப் பிசைவதும், குருத்தோலை மடிப்புக்குள் அதை அமுக்கி நிரப்புவதும், இன்னொரு ஓலையால் மூடுவதும் அவர்கள் வேலை. நாரால் கட்டுவதும் ஆவியில் வைப்பதும் உங்கள் வேலை. இருபது நிமிடத்தில் வெந்துவிடும். ஒவ்வொருவருடைய கொழுக்கட்டையையும் தனித்தனி முடிச்சாகக் கட்டிவைத்தால் எது தன்னுடையது என்று பிரித்தெடுத்துத் தின்பார்கள்.

ஓலைக்கு அலைய வேண்டியதில்லை. கார்த்திகைக்கு முந்தைய நாள்களில் சந்தையில் கட்டாக விற்பனைக்கு வரும். இளம் குருத்தாகப் பார்த்து வாங்கி, மட்டையோடு இருந்தால் கருக்குள்ள பகுதியை நீங்களே வெட்டி எறிந்துவிட்டு, ஓலையைத் துடைத்துத் துண்டாக்கி அவர்கள் கையில் கொடுங்கள்.