புலிமுகச் சிலந்தி மல்லாந்து கிடக்கிறது, செத்துவிட்டதா?

கோண்டாவில் மாணவன்:
போன மாதம் எங்கள் வளவில் நின்ற பழைய வேப்பமரத்தைத் தறித்தபோது பொந்துக்குள் இருந்து ஒரு புலிமுகச் சிலந்தி, அதுதான் மரப்பொந்தில் வாழும் அந்தப் பெரிய நச்சுச் சிலந்தி, விழுந்தது. பின்னங்கால் ஒன்று இல்லை, ஆனால் அது பழைய காயம் போல மூடியிருந்தது. அடிக்க வந்தவர்களைத் தடுத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளிக்குள் பட்டையும் மண்ணும் போட்டு வைத்திருக்கிறேன். கரப்பான் போட்டால் உடனே பிடிக்கும். பத்து நாளாக எதையும் தொடவில்லை. வயிறு கறுத்து மினுங்கியது. நேற்று இரவு அடியில் வெள்ளைப் பாய் மாதிரி நூல் விரித்தது. இன்று காலை பார்த்தால் கால்கள் மேலே, மல்லாந்து கிடக்கிறது. அம்மம்மா "செத்துப்போச்சு, எறி" என்கிறார். ஈர்க்கால் மெல்லத் திருப்பிவிடவா? வெக்கையாகவும் இருக்கிறது, தண்ணீர் தெளிக்கவா? கடைசியாகப் போட்ட கரப்பான் இன்னும் உள்ளே ஓடித் திரிகிறது.

சுன்னாகம் அண்ணை:
தம்பி, ஈர்க்கைக் கீழே வையும். அது சாகவில்லை, சட்டை கழற்றுகிறது, அதாவது பழைய தோலை உரிக்கிறது. செத்த சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்தபடி கால்களை வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும். முதல் வேலை, அந்தக் கரப்பானை நீண்ட சாமணத்தால் எடும். புதுத் தோல் பச்சைப்புண் மாதிரி. கரப்பான் கடித்தாலே செத்துவிடும். மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஒரு மூலையில் சோடா மூடியில் தண்ணீர் வைத்தால் போதும். வாளியை நிழலில் வைத்து, ஒருவரும் தட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

கோண்டாவில் மாணவன்:
கரப்பானை எடுத்துவிட்டேன் அண்ணை. நெஞ்சு ஓடு மூடி திறந்த மாதிரி வெடித்திருக்கிறது. ஆனால் அரை மணித்தியாலமாக அப்படியே நிற்கிறது. களைத்துவிட்டதா?

சுன்னாகம் அண்ணை:
இல்லை. சிலந்திக்குக் காலை நீட்ட நம்மைப் போலத் தசை இல்லை, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டும். அதே திரவத்தை வயிற்றிலிருந்து முன்னுக்குத் தள்ளித்தான் நெஞ்சு ஓட்டை வெடிக்க வைக்கிறது. பிறகு எட்டுக் காலையும் கையுறை கழற்றுவது போல இழுக்க வேண்டும். நச்சுப்பல், உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல் எல்லாம் கூடக் கழன்று வரும். பெரிய சிலந்திக்குச் சில மணித்தியாலம் ஆகலாம்.

நீர்வேலி அக்கா:
கால் இறுகிக்கொண்டாலும் இழுத்துவிடாதீர். எல்லாம் முடிந்த பிறகும் பழைய தோல் ஒட்டியிருந்தால் மட்டும், நீண்ட காம்புத் தூரிகையை நனைத்து அந்த இடத்தை ஊறவைத்துப் பாரும். வெறுங்கை வேண்டவே வேண்டாம். இந்த இனத்துக்கு உதிர்த்து எறியும் அரிப்பு மயிர் கிடையாது, கடிதான் ஆயுதம். கடித்தால் நோவோடு தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நிற்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோண்டாவில் மாணவன்:
மத்தியானம் சட்டையை முழுக்கக் கழற்றிவிட்டது! இல்லாத காலின் இடத்தில் மெல்லிய சின்னக் கால் ஒன்று முளைத்திருக்கிறது. அம்மம்மாவே வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார். நச்சுப்பல் பால் போல வெள்ளை. பசித்திருக்குமே, இன்றைக்கே கரப்பான் போடலாமா?

சுன்னாகம் அண்ணை:
கூடாது. அந்தப் பல் இப்போது மெழுகு மாதிரி. வெள்ளை சிவந்து, பிறகு முழுக்கக் கறுக்க வேண்டும். ஒன்றிரண்டு கிழமை பொறும், தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

நீர்வேலி அக்கா:
இன்னொன்றும் சொல்ல வேண்டும் தம்பி. நீர் காப்பாற்றியது பெரிய காரியம், ஆனால் இது வளர்க்கிற பிராணி இல்லை. இலங்கையில் இந்த இனம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் 2019 இல் சேர்த்தார்கள். மாங்குளத்தில் 2009 இல் கிடைத்த இதே வகைப் பெரிய சிலந்தியைப் பற்றி ஆராய்ந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்: முதிர்ந்த மரங்கள் குறையக் குறைய அவை பழைய கட்டடங்களுக்குள் வருகின்றன. உம்முடைய வேப்பமரத்துக் கதையும் அதுதானே. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யும்.

கோண்டாவில் மாணவன்:
சட்டம் எனக்குத் தெரியாது அக்கா. விட மனமில்லை, உண்மையாகவே. ஆனால் நாளைக்கே திணைக்களத்துக்குச் சொல்கிறேன். பல் கறுக்கும் வரை வைத்திருக்கலாமா என்றும் கேட்கிறேன். அவர்கள் சம்மதித்தால் எங்கள் ஒழுங்கைக் கடைசியில் நிற்கும் பழைய புளியமரத்துப் பொந்தில் விடலாம். கழற்றின சட்டையை மட்டும் வைத்துக்கொள்ள ஆசை, அதையும் கேட்டுப் பார்க்கிறேன்.