மொத்தமாக விற்காமல் கையில் வைத்துக்கொண்ட மரங்கள்

உரம், டீசல், கூலி மூன்றும் ஏறிக்கொண்டே போகும்போது பழம் வாங்குகிறவர்கள் கை மட்டும் இறுகிப்போனது. எங்களுடையது மாவும் கொய்யாவும் உள்ள சின்னத் தோட்டம். நானும் என் வீட்டுக்காரரும்தான் முழுநேர ஆட்கள், பறிப்புக்கு மட்டும் கூலிக்கு ஆள் வைப்போம்.

மா பூத்து நின்ற சமயத்தில் வியாபாரி ஒருவர் வந்தார். "அக்கா, மொத்தத் தோட்டத்தையும் பேசிக்கலாம். முன்பணம் இன்னைக்கே தர்றேன். மருந்து, காவல், பறிப்பு எல்லாம் எங்க பொறுப்பு" என்றார். கடன் கழுத்தை நெரிக்கும்போது இப்படி ஒரு வார்த்தை கேட்டால் யாருக்கும் மனசு ஆடும். அவரை நான் குறை சொல்லவில்லை. மாவில் நூறு பூவுக்கு ஒரு காய்கூடத் தங்குவதில்லை. ஒரு மழை, ஒரு காற்று போதும், பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த ஆபத்தை அவர் தலையில் ஏற்றிக்கொள்வதால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆனால் என் கவலை பறிப்பைப் பற்றியது. பருவத்துக்கு மட்டும் எடுத்தவர்கள் ஒரே மூச்சில் உலுக்கிப் பறித்து, கிளையை ஒடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் அந்த மரத்தோடு இருக்கப்போவது நாங்கள்தானே.

ரெண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசி, வேலியோரத்து மரங்களை மட்டும் அவருக்குக் கொடுத்தோம். அந்தப் பணத்தில் அவசரக் கடனை அடைத்தோம். மற்ற மரங்களை விடவில்லை. நெருக்கடியில் நாங்கள் எடுத்த சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாமே பறித்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீய்ச்சி அடிக்கும். தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது, அப்புறம் அந்த இடம் கறுத்துத் தழும்பாகிவிடும். அந்தப் பழத்தை யாரும் முதல் தரத்தில் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் காம்பை விரல் நீளம் விட்டு வெட்டுவோம். நிழலுக்குக் கொண்டுவந்து காம்பைக் குறைத்து, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுவோம். பொறுமை வேண்டும், இடுப்பு ஒடியும். ஆனால் பணச் செலவு இல்லாமல் தரம் கூடுவது இந்த ஒரு வேலையில்தான். கார்பைடு கல் வைத்தால் சீக்கிரம் பழுக்குமே என்று ஒருத்தர் சொன்னார். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதைத் தொடமாட்டோம். நன்றாக முற்றிய காயை வைக்கோலில் அடுக்கினால் தானாகப் பழுக்கிறது.

செலவைக் குறைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த மாமரத்துக்குப் பூக்கும் முன் தண்ணீர் தேவையில்லை, நிறுத்தினால்தான் நன்றாகப் பூக்கும். அந்த மாதங்களில் மோட்டார் ஓடாது. காய் பட்டாணி அளவுக்கு வந்த பிறகு மட்டும் தண்ணீரைக் குறைக்கவே கூடாது, பிஞ்சு உதிர்ந்துவிடும். சருகை அள்ளி மரத்தடியில் மூடாக்குப் போட்டதால் ஈரம் நின்றது.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் எல்லா மரத்தையும் ஒன்றாகக் கவாத்து செய்யாமல் பகுதி பகுதியாக வெட்டினோம். காய்ப்பும் பிரிந்து வந்தது, எல்லோரும் பழம் கொட்டும் நேரத்தில் நாங்களும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. உதிர்ந்த கொய்யாவைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்கிறோம். அப்படியே கிடக்கவிட்டால் அதற்குள் இருக்கும் பழ ஈயின் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பிவிடும். மருந்துக் கடைக்குக் கொடுப்பதைவிட இது மேல்.

வாங்க வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு பெட்டிக் கணக்கில் எடுத்துப்போன ஒரு அம்மா, போன பருவத்தில் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, "தழும்பு விழுந்தது இருந்தாக் குடும்மா, பிள்ளைங்களுக்குத்தான்" என்றார். அவருக்கு அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அன்றிலிருந்து தழும்புப் பழத்தைத் தனியாக, குறைந்த விலைக்கு, எண்ணிக்கைக் கணக்கில் வாசலிலேயே வைத்துவிட்டோம். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. உள்ளே பழம் நன்றாகத்தானே இருக்கிறது!

கடன் இன்னும் தீரவில்லை, வட்டி மட்டும் தவறாமல் போகிறது. இரண்டாம் தரக் கொய்யாதான் இன்னும் தேங்குகிறது. கூழாக்கி விற்றவர்கள் யாராவது இருந்தால், கெடாமல் எப்படி வைத்தீர்கள், அடுப்புச் செலவு போக ஏதாவது மிஞ்சியதா என்று எழுதுங்கள்.