மறுமொழி: மறுமொழி: "பஸர் பீட்டர்" – தமிழில் என்ன?

ஸ்காபரோ, செவ்வாய்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக, வட அமெரிக்க விளையாட்டில் மறக்க முடியாத தருணங்களை வைத்து ஒரு வாசிப்பு நூல் செய்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேணும். எழுதி முடிந்துவிட்டது, ஒரு சொல்லில்தான் நிற்கிறது: கூடைப்பந்தில் ஆட்டம் முடியும் ஊதலை (பஸர்) முந்தும் கடைசி எறிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயர். பஸர் பீட்டர்.

முதல் பாடமே அதுதான். 2019 மே 12, ரொறன்ரோ, ஃபிலடெல்ஃபியாவுடன் ஏழாவது ஆட்டம், 90–90. ரொறன்ரோவின் காவாய் லெனர்ட் மூலையிலிருந்து எதிரணியின் எம்பீட்டின் கைக்கு மேலால் எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. இங்கத்தைய பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். இப்போதைக்கு "கடைசிநொடிக் கூடை" என்று போட்டிருக்கிறேன், மனசுக்குப் பிடிக்கவில்லை. உதவி செய்யுங்கோ.

---

சென்னை, செவ்வாய்

அக்கா, பஸர் பீட்டர் என்றே வைத்துவிடுங்கள். பதினைந்து வருடமாக விளையாட்டுப் பக்கத்துக்கு மொழிபெயர்க்கிறேன். கோல், சிக்ஸர், அவுட் எல்லாம் தமிழாகிவிட்ட பிறகு இது மட்டும் ஏன் ஆகக் கூடாது? ஒரு பிள்ளை பாடத்தைப் படித்துவிட்டு வீட்டில் சொல்லப்போகிற சொல் அதுதானே.

---

கோவை, செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மையாருக்கு,

வகுப்பில் தமிழ் கற்க வருகிற குழந்தைக்கு, வீட்டில் ஏற்கனவே தெரிந்த ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நூல் எதற்கு? தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்தார், உண்மைதான். இயற்சொல்லை முதலில் வைத்துத்தான் கொடுத்தார்.

"நொடி" என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நொடி என்றால் விரல் நொடித்தல். கண்ணிமையும் கைநொடியும் மாத்திரைக்கு அளவு. நாம் கடிகார வினாடிக்கு அதை எடுத்துக்கொண்டது பிற்காலத்தில். பழைய கணக்கு வேறு: நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை, அதாவது 24 வினாடி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்டதிலிருந்து அந்த விளையாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்பிஏ எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டத்தில் பாதி 24 நிமிடம். பந்து கையில் வந்த அணி 24 வினாடிக்குள் எறிய வேண்டும். 1954இல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், ஒரு நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன என்று பார்த்து, 48 நிமிடத்தின் 2880 வினாடியை 120ஆல் வகுத்து அந்த 24ஐக் கண்டாராம். ஆக ஆட்டம் இரண்டு நாழிகை, ஒவ்வொரு எறிக்கும் ஒரு விநாழிகை! அவருக்கு நம் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை, ஆனால் அச்சாகப் பொருந்துகிறது. நாழிகை வட்டில் நீரைப் பார்த்துப் பொழுது சொன்னவர்களை முல்லைப்பாட்டு "பொய்யா மாக்கள்" என்கிறது. ஆடுகளத்தின் ஓரத்தில் கடிகாரத்தை இயக்குகிறவருக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? ஆட்டக் கடிகாரத்துக்கு நாழிகை, எறிக் கடிகாரத்துக்கு விநாழிகை என்று இந்த நூலிலேயே தொடங்கிவிடலாம்.

கேட்ட சொல்லுக்கு என் பரிந்துரை "சங்குமுந்தி". மண்வெட்டி போல. சங்கை முந்துவது சங்குமுந்தி. எங்கள் ஊரில் மில் சங்கு ஊதித்தான் ஷிப்டு மாறியது, ஊதல் ஒலிக்கு இதைவிட மக்கள் சொல் இல்லை.

---

சான் ஹோசே, புதன்

ஐயா, விநாழிகைக் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் அது என்பிஏவுக்கு மட்டும். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் இப்போது 30 வினாடி. டீச்சரின் இரண்டாம் பாடம் 1992 மார்ச் 28, டியூக்–கென்டக்கி என்று நினைக்கிறேன். அப்போது கல்லூரியில் 45. அங்கே விநாழிகை நிற்காது.

சொல்லுக்கு வருகிறேன். "கடைசிநொடிக் கூடை" தவறு, டீச்சரின் மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. லெனர்டின் பந்து கூடையில் விழுந்தபோது நேரம் முடிந்து, பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கும் எரிந்துவிட்டது. விதி பார்ப்பது பந்து எப்போது விழுந்தது என்பதையல்ல, கையை விட்டு எப்போது போனது என்பதை. கென்டக்கிக்கு எதிராக டியூக்கின் லைட்னர் எறிந்ததும் அப்படித்தான்: 2.1 வினாடி மீதி, கிராண்ட் ஹில் மைதானத்தின் மறுகோடியிலிருந்து வீசிய பந்தைப் பிடித்து, ஒரு தடவை தரையில் தட்டி, திரும்பி எறிந்தார். 104–103. அந்த 2.1 வினாடிக்குள் பந்தைத் தட்ட நினைத்தாரே, அந்த நிதானத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 2004இல் என்பிஏவில் டெரெக் ஃபிஷருக்குக் கிடைத்தது 0.4 வினாடிதான். 0.3க்கும் குறைவாக இருந்தால் பிடித்து எறிய அனுமதியே இல்லை, வந்த பந்தைப் பிடிக்காமல் கூடைக்குள் தட்டி மட்டும் விடலாம்.

அதனால் சொல்லில் "எறி" இருக்க வேண்டும், "முந்து" இருக்க வேண்டும். நான் சொல்வது "முந்தெறி". சின்னதாக, வாயில் நிற்கும்.

---

சென்னை, புதன்

எறிதான் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கு மட்டும் வேண்டாம் ஐயா. "சங்கு ஊதியாச்சு" என்றால் எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான்.

---

கோவை, புதன்

கோயிலில் ஊதுவதும் சங்குதான், பள்ளிவாசலில் நோன்பு திறக்க ஒலிப்பதும் சங்குதான். ஒரு வழக்கை வைத்து மற்ற வழக்குகளைத் தள்ளக் கூடாது.

முந்தெறி வினைத்தொகை, வடிவில் குறை இல்லை. பொருளில்தான் குறை. தொல்காப்பியப் பாயிரத்தில் "முந்துநூல்" என்றால் எதை முந்திய நூல்? முன்னே தோன்றிய நூல் என்றுதானே உரை. அதே வழியில் முந்தெறி என்றால் முதல் எறி. ஆட்டத் தொடக்கத்தில் நடுவர் பந்தை மேலே போடுகிறாரே, அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். முடிவில் வருவதற்குத் தொடக்கத்தின் பெயரை வைப்பதா?

---

மட்டக்களப்பு, புதன்

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்றுநராக இருந்தவன். சங்குக்குப் பதில் மணி என்று வைத்தால் என்ன? மணி அடிப்பதும் மணி, நேரமும் மணி. "மணிமுந்தி". ஓசை, நேரம் இரண்டையும் முந்தியது என்று ஒரே சொல்லில் வந்துவிடும். எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

---

சென்னை, புதன்

அண்ணா, யோசனை நல்லது, ஆனால் முந்தி என்றால் எனக்குப் புடவை முந்திதான் முதலில் வருகிறது. மணிமுந்தி என்று தலைப்பில் பார்த்தால் மணி கோத்த முந்தி என்றுதான் படிப்பேன். சங்குமுந்திக்கும் இதே சிக்கல். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து "மணிமுந்தெறி" என்று வையுங்களேன். எதை முந்தியது என்ற ஐயாவின் கேள்விக்கும் பதில் உள்ளேயே இருக்கிறது. என் சொந்த வாக்கு இன்னமும் பஸர் பீட்டருக்குத்தான்.

---

ஸ்காபரோ, வியாழன் காலை

எல்லாருக்கும் நன்றி. மணிமுந்தெறி பிள்ளைகளின் வாயில் நிற்கும் என்று நினைக்கிறேன், அதை எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும்போது "பஸர் பீட்டர் எனப்படும் மணிமுந்தெறி", பிறகு தமிழ் மட்டும்.

இன்னொன்று கேட்கட்டோ? ஆறாம் பாடம் பேஸ்போல், ரொறன்ரோவின் ஜோ கார்ட்டர். 1993 அக்டோபர் 23, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ரொறன்ரோ 5–6 என்று பின்னால் நிற்க, கடைசி இன்னிங்ஸில் மிட்ச் வில்லியம்ஸின் பந்தை இடதுபக்கச் சுவருக்கு அப்பால் அடித்து 8–6 என்று தொடரையே முடித்த அடி. இப்படி ஆட்டத்தை முடித்துவிடும் அடியை வாக்-ஆஃப் என்கிறார்கள். ஏழாம் பாடம் பொஸ்டன் கல்லூரியின் டக் ஃப்ளூட்டி 1984இல் மயாமிக்கு எதிராக எறிந்த ஹெய்ல் மேரி, அதாவது அமெரிக்கக் காற்பந்தில் கடைசி நேரத்தில் நம்பி எறியும் நெடுந்தூர எறி. இவை இரண்டுக்கும் தமிழில் என்ன?

---

சான் ஹோசே, வியாழன்

ஹெய்ல் மேரியைப் பற்றி மட்டும்: 1975இல் டல்லஸின் ரோஜர் ஸ்டோபாக், கண்ணை மூடி ஹெய்ல் மேரி என்ற மரியாள் செபத்தைச் சொல்லி எறிந்தேன் என்றதிலிருந்து எங்கும் பரவிய சொல். அதற்கு முன்பே நோட்டர் டாம் கத்தோலிக்கக் கல்லூரியில் புழங்கியது. செபத்தின் பெயர் என்பதால் தமிழிலும் செபத்தின் பெயரையே வைக்கலாம், "மரியே வாழ்க எறி". "கடைசி நம்பிக்கை எறி" என்று பொதுவாக்கினால், கண்ணை மூடியவர் காணாமல் போய்விடுவார்.

---

மட்டக்களப்பு, வியாழன்

"அருள் நிறைந்த மரியே வாழ்க" தெரியாத கத்தோலிக்கப் பிள்ளை இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அடிக்குறிப்பு ஒரு வரி போதும். ஆதரிக்கிறேன்.

---

கோவை, வியாழன் இரவு

வாக்-ஆஃப் சொல்லை முதலில் சொன்னவர் டெனிஸ் எக்கர்ஸ்லி என்ற பேஸ்பால் வீச்சாளர் என்று படித்தேன். தோற்ற வீச்சாளர் களத்தை விட்டு நடப்பதைச் சொன்னாராம். தமிழில் அந்த நடையைத் தேட வேண்டாம். அடித்தவர் பக்கம் நின்று "ஈற்றடி" என்க. வெண்பாவின் ஈற்றடி மற்ற அடிகளைவிடக் குறுகி, முச்சீரில் முடியும். கார்ட்டரின் அடியும் அப்படி, அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. உலகத் தொடரையே முடித்த இப்படி ஒரு நெட்டடி அதற்கு முன் 1960இல் பில் மசரோஸ்கி அடித்தது மட்டும்தான். அவருக்கும் இதே சொல் பொருந்தும்.

மணிமுந்தெறிக்கு என் ஒப்புதல் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அரை நொடியில் நடப்பதற்கு மணி என்பது மிகப் பெரிய அளவு. முந்துநூலுக்கும் யாரும் விடை சொல்லவில்லை.

---

ஸ்காபரோ, வெள்ளி

ஈற்றடியை எல்லாருமே ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன் ஐயா, யாரும் மறுக்கவில்லை. மரியே வாழ்க எறியும் போகிறது. மணிமுந்தெறியும் அச்சுக்குப் போய்விட்டது, மதியமே நூலின் கோப்பு அனுப்பிவிட்டேன். விநாழிகைக் கணக்கை ஐந்தாம் பக்கத்தில் தனிப் பெட்டியில் போட்டிருக்கிறேன், கல்லூரி ஆட்டத்துக்கு இது பொருந்தாது என்ற குறிப்போடு.