புராக்னாஸ்டிக் மார்க்கர்: ‘முன்கணிப்புக் குறிப்பான்’ போதுமா?

வணக்கம் ஐயா,

கட்டியில் அளந்து பார்க்கும் புரதம் போன்ற அடையாளத்தைத்தான் மார்க்கர் என்கிறோம். அதில் புராக்னாஸ்டிக் மார்க்கருக்கு ‘முன்கணிப்புக் குறிப்பான்’ என்று எழுதியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த பத்தியிலேயே பிரெடிக்டிவ் மார்க்கர் வந்து நிற்குமே, அதற்கு என்ன வைப்போம்? அதற்கும் முன்கணிப்புதான் வாயில் வருகிறது. முதலாவது, நோய் எப்படிப் போகும் என்று சொல்வது. இரண்டாவது, இந்த மருந்துக்கு இவருக்குக் கேட்குமா என்று சொல்வது. தொண்டைப் புற்றுநோயில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிகிச்சையே தடம் மாறிவிடும்.

பி16 புரதத்தையே எடுத்துக்கொள்வோம். டான்சில், அடிநாக்குப் பகுதியில் ஹெச்.பி.வி. வைரஸால் வரும் புற்றில், வைரஸின் ஈ7 புரதம் செல்லின் ஆர்.பி. என்ற தடுப்புப் புரதத்தை முடக்கிவிடுகிறது, அதனால் பி16 எக்கச்சக்கமாகப் பெருகுகிறது. திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கையில் 70 சதவீதச் செல்களிலாவது அழுத்தமாகத் தெரிந்தால் பாசிட்டிவ், வைரஸ் இருப்பதற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் வைரஸ் உள்ள குழுவில் 82.4 சதவீதம், இல்லாத குழுவில் 57.1. வித்தியாசம் இவ்வளவு இருந்ததால்தான் பின்னர் பி16 பாசிட்டிவ் கட்டிகளுக்கு நோய்நிலை அட்டவணையையே தனியாகப் போட்டார்கள்.

சரி, போக்கு நன்றாக இருக்கிறதே, மருந்தின் கடுமையைக் குறைக்கலாமே என்று சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான இரண்டு பரிசோதனைகளிலும் செடுக்சிமாப் எடுத்துக்கொண்டவர்களில்தான் உயிர்பிழைத்தவர்கள் குறைவு. நோய் போகும் திசையைச் சரியாகச் சொன்ன புரதம் மருந்தை மாற்றலாம் என்று எங்கும் சொல்லவில்லை, நாமாக அப்படி எடுத்துக்கொண்டோம். இரண்டுக்கும் ‘முன்கணிப்பு’ என்றே எழுதினால் தமிழில் படிக்கும் மாணவரும் அதே இடத்தில்தான் வழுக்குவார்.

அதனால் என் பரிந்துரை: புராக்னாஸ்டிக் மார்க்கர் ‘போக்குச்சுட்டி’, பிரெடிக்டிவ் மார்க்கர் ‘பயன்சுட்டி’. முதலில் நிறங்காட்டி, திசைகாட்டி மாதிரி ‘போக்குக்காட்டி’ என்றுதான் யோசித்தேன். அப்புறம் போலீசுக்குப் போக்குக் காட்டும் திருடன் நினைவுக்கு வந்து கைவிட்டேன். ‘குறி’யும் வேண்டாம், சித்த மருத்துவத்தில் குறிகுணம் என்று நோயின் அறிகுறிகளுக்கே அது போய்விட்டது. சுட்டி என்றால் கணினி மவுசும் குறும்புப் பிள்ளையும் ஞாபகம் வரும் என்பீர்கள், வரட்டும், முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் யாரும் குழம்பமாட்டார்கள்.

இன்னொன்று. ‘தொண்டை’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். நம் பேச்சில் குரல்வளையும் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் பி16க்கு டான்சில் பக்கம் உள்ள மதிப்பு குரல்வளையில் கிடையாது. அங்கே பெரும்பாலும் புகையிலையின் கைவரிசை. ‘வாய்த்தொண்டை’ என்று பிரித்தே எழுதலாம். செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 என்ற மார்க்கரின் பெயரையும் தமிழாக்க வேண்டாம், அந்தக் ‘கி’ ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து வந்தது.

வைத்துப் பாருங்கள் (பெம்ப்ரோலிசுமாப் ஒரு புற்றுநோய் மருந்து, பிடி-எல்1 கட்டியில் அளக்கும் ஒரு புரதம்): “வாய்த்தொண்டைப் புற்றில் பி16 ஒரு போக்குச்சுட்டி, பெம்ப்ரோலிசுமாப் கொடுப்பதற்கு முன் பார்க்கும் பிடி-எல்1 ஒரு பயன்சுட்டி.” எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்தினால் மாற்றுச்சொல்லோடு இதே வாக்கியத்தைத் திருப்பி எழுதி அனுப்புங்கள்.